முளைக்காத விதையும் விவரமில்லாத பாக்கெட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்தால் சென்னையின் மொட்டை மாடிகளில் தொட்டிகளும் வளர்ப்புப் பைகளும் மறுபடியும் களைகட்டிவிடும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை நம்பிக் கத்தரி, வெண்டை, பாகல், கீரை என்று விதைத்துவிட்டுக் காத்திருப்பவர்களில் பலர், இரண்டு வாரம் கழிந்தும் மண் வெறுமையாகவே கிடப்பதைக் கண்டு, தங்களுக்குக் கைராசி இல்லை என்று முடிவுகட்டித் தோட்டத்தையே கைவிட்டுவிடுகிறார்கள். ராசியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமே இல்லை. விதை ஏன் முளைக்கவில்லை என்பதை வீட்டிலேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அப்படிக் கண்டுபிடிக்கும்போது, தவறு வளர்த்தவரிடம் இல்லை, விற்ற இடத்தில்தான் இருக்கிறது என்று தெரிய வருவதும் உண்டு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, விதைத்த இடத்தை ஒரு குச்சியால் மெல்லக் கிளறி விதையை வெளியே எடுத்துப் பார்ப்பது. விதை விதைத்தபடியே கல்லாக இருந்தால் அதற்கு ஈரம் எட்டவில்லை என்று பொருள். பாகல் போன்ற தடித்த ஓடுள்ள விதைகளில் இது அடிக்கடி நேரும். ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் சரியாகிவிடும். விரலால் அழுத்தியதும் கூழாகப் பிதுங்கி நாற்றம் அடித்தால், அளவுக்கு மீறிய தண்ணீரில் காற்றோட்டம் இல்லாமல் அழுகியிருக்கிறது. தென்னைநார்க் கழிவு கலந்த மண்ணில் மேல்பரப்பு வெளுத்துக் காய்ந்ததுபோல் தோன்றினாலும் இரண்டு அங்குலம் கீழே சொதசொதவென்று இருக்கும்; மேலே மட்டும் பார்த்துவிட்டுக் காலையும் மாலையும் பூவாளியைத் தூக்குகிறவர்களின் விதைகள் இப்படித்தான் வீணாகின்றன. முளை வெளியே வந்து, நுனி பழுப்பேறிக் கருகியிருந்தால், நாற்றழுகல் நோயையோ மண்ணில் சேர்ந்த உப்பையோ சந்தேகிக்க வேண்டும். விதையே காணவில்லை என்றால், குறிப்பாகக் கீரை விதை என்றால், எறும்புகள் இழுத்துச் சென்றிருக்கும்.

உப்பைப் பற்றிச் சென்னைவாசிகளுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கிறது. சரியாக அலசப்படாத தென்னைநார்க் கழிவிலும் உப்பு தங்கியிருக்கும். இரண்டும் ஒரே தொட்டியில் சேர்ந்தால், ஈரம் நிறைய இருந்தும் விதையால் அதை உறிஞ்ச முடியாது. தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெண்மையாகப் பூத்திருப்பது அதற்கு அடையாளம். தென்னைநார்க் கழிவை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே மண்ணுடன் கலப்பதும், முளைக்கும் வரையிலாவது பிடித்து வைத்த மழைநீரையோ குடிநீரையோ தெளிப்பதும் நல்லது. விதையின் தடிமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் விதைத்தால் போதும். கீரை விதையை மண்ணில் தூவி மெல்லிய மணலால் மூடினாலே போதுமானது. சித்திரை, வைகாசி வெயிலில் கருப்பு நிறப் பைகளின் மண் கொதிக்கும் காலத்தில் தக்காளி விதைத்துவிட்டு மண்ணைப் பழிப்பதும் முறையல்ல. 25 முதல் 30 டிகிரி செல்சியஸ்தான் அதற்கு ஏற்ற வெப்பம்.

இத்தனையும் சரியாக இருந்தும் முளைக்கவில்லை என்றால், அதே பாக்கெட்டிலிருந்து இருபது விதைகளை எடுத்து, ஈரமான பருத்தித் துணியிலோ காகிதத்திலோ பரப்பிச் சுருட்டி, ஒரு டப்பாவில் நிழலில் வைத்துப் பாருங்கள். வெண்டை ஒரு வாரத்திற்குள் முளைவிட்டுவிடும். கத்தரி, மிளகாய் ஆகியவற்றிற்கு இரண்டு வாரம் வரை பொறுக்க வேண்டும். துணியில் முளைத்துத் தொட்டியில் முளைக்கவில்லை என்றால் கோளாறு மண்ணில் அல்லது நீரில். துணியிலும் நாலைந்து மட்டுமே முளைத்தால் கோளாறு விதையில். இதற்குமேல் தொட்டியை மாற்றியும் உரத்தை மாற்றியும் பணத்தைக் கரைப்பதில் பயனில்லை.

விதை என்பது உயிருள்ள பொருள். அதன் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தாலும், வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதையியலில் நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. எதிர்த்திசையிலும் இக்கணக்கு அப்படியே பொருந்தும். அப்படியிருக்க, நகரின் நர்சரி வாசல்களில் விதைப் பாக்கெட்டுகளைச் சரம்சரமாக வெயிலில் தொங்கவிட்டிருப்பதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. அண்மையில் நான் வாங்கிய ஒரு பாக்கெட், பின் அடித்து மூடிய வெறும் பிளாஸ்டிக் உறை. உள்ளே ஒரு துண்டுச் சீட்டில் பேனாவால் 'கத்தரி' என்று மட்டும் எழுதியிருந்தது. ரகம் இல்லை, எந்தத் தொகுப்பைச் சேர்ந்த விதை என்று காட்டும் குவியல் எண் இல்லை, பரிசோதித்த தேதி இல்லை. ரசீது கேட்டதற்கு, இருபது ரூபாய் விதைக்கு ரசீதா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டார்.

இருபது ரூபாய் விதைக்கும் சட்டம் உண்டு. 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டத்தின்கீழ், அரசு அறிவித்த ரகங்களின் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் வரையறுக்கப்பட்டுள்ளது: கத்தரிக்கும் தக்காளிக்கும் 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் பாகலுக்கும் 60. பயிர், ரகம், குவியல் எண், பரிசோதனைத் தேதி, முளைப்புத்திறன், தூய்மை, நிகர எடை ஆகியவை விவர அட்டையில் இருக்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி விற்பனையாளர் உரிமம் பெற்றிருக்க வேண்டும், இருப்பையும் விலையையும் எழுதி வைக்க வேண்டும், வாங்குபவருக்கு ரசீதும் கொடுக்க வேண்டும். ஏக்கர் கணக்கில் விதைக்கும் விவசாயிக்காக மட்டும் வந்த விதிகள் என்று இவற்றை ஒதுக்கிவிட முடியாது. பட்டத்தில் ஒரு மாதத்தை இழப்பது மாடித்தோட்டக்காரருக்கும் இழப்புதான்.

எனவே விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றுத் துறைக்கு இரு வேண்டுகோள்கள். ஒன்று, ஆடிக்கு முன்பே சென்னையின் நர்சரிகளிலும் தோட்டப் பொருள் கடைகளிலும் விதை ஆய்வாளர்கள் மாதிரி எடுத்து, விவர அட்டை இல்லாத பாக்கெட்டுகளின் விற்பனையை நிறுத்த வேண்டும். மற்றொன்று, பரிசோதனைக் கூடத்தில் ஒரு மாதிரிக்கு 400 விதைகளை முளைக்க வைத்துப் பார்ப்பார்கள். வெண்டை, பாகல் போன்ற பெரிய விதைகளில் ஐந்து கிராம் பாக்கெட் வாங்குபவரால் அவ்வளவு விதையைத் தனியே கொடுக்க முடியாது. ஆகையால், ஒரே குவியல் எண் கொண்ட விதையை வாங்கிய பலர் சேர்ந்து ஒரே மாதிரியாகக் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ள வழி செய்து, அதன் முடிவை அந்தக் குவியல் எண்ணோடு பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
மாடித்தோட்ட ஆர்வலர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை