காகிதத்துக்குக் காசு வேண்டும்: திரைக்கதை மன்றத்தின் நன்கொடை வேண்டுகோள்

முன்னாள் மாணவர்களுக்கும், சேலத்திலும் வெளியூர்களிலும் இருக்கும் சினிமா நண்பர்களுக்கும் வணக்கம்.

குறும்படம் எடுக்கிறோம் என்றால் பணம் தர ஆள் இருக்கிறது. டைட்டில் கார்டில் பெயர் வரும், யூடியூபில் ஏற்றினால் சொந்தக்காரர்களுக்குக் காட்டலாம். திரைக்கதை எழுதுகிறோம், உட்கார்ந்து படித்துத் திருத்துகிறோம், திருந்தி வந்ததை அச்சில் போடுகிறோம் என்று போய் நின்றால், "எழுதறதுக்கு எதுக்குங்க காசு?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

எங்கள் கல்லூரி மாணவர்களின் திரைக்கதை மன்றம் வெள்ளிக்கிழமைதோறும் கல்லூரி விட்டபின் கூடுகிறது. ஒருவர் எழுதிய காட்சிகளை மற்றவர்கள் பாத்திரம் பிரித்துக்கொண்டு வாய்விட்டுப் படிப்பார்கள். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. "இல்ல, நான் என்ன நெனச்சேன்னா" என்று ஆரம்பித்தால் அன்றைய டீ அவர் கணக்கு. தியேட்டரில் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து அவரால் விளக்கம் சொல்ல முடியாதே!

படிக்கும்போது நேரமும் பார்க்கிறோம். ஒரு பக்கம் என்றால் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற கணக்கு, ஆங்கிலத் திரைக்கதையின் எழுத்துருவையும் பக்க அமைப்பையும் வைத்து வந்தது. இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனமும் ஒலியும் என்று இரண்டு பத்தியாகத் தமிழில் எழுதும்போது அது ஒத்துவருவதில்லை. இதற்கெல்லாம் ஆளுக்கொரு பிரதி வேண்டும். போனிலேயே படிக்கலாமே என்பீர்கள். திரையைத் தள்ளித் தள்ளி அடுத்த வரியைத் தேடுவதற்குள் வசனம் செத்துப்போகிறது, ஓரத்தில் பென்சிலால் குறிக்கவும் வழியில்லை. ஆக, முதல் செலவு ஜெராக்ஸ்.

பெரிய செலவு, மன்றம் அச்சடிக்கும் இதழ்தான். ஆண்டுக்கு மூன்று, ஒவ்வொன்றும் 64 பக்கம், 500 பிரதி, அட்டையில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்'. ஒவ்வொரு இதழிலும் ஒரு மாணவரின் முழுத் திரைக்கதை, வாசித்தவர்கள் ஓரத்தில் எழுதிய குறிப்புகளோடு வருகிறது. முதலில் எழுதியபோது மூன்று பக்கம் ஓடிய காட்சி கடைசியில் அரைப் பக்கமானது எப்படி என்று அதில் பார்க்கலாம். புதிதாக எழுத வருபவர்களுக்கு இதைவிட உதவும் பாடம் எங்களுக்குத் தெரிந்து இல்லை. படமாகாத திரைக்கதைக்குப் போக்கிடமும் வேறு இல்லை. திரைப்பட விமர்சனமும் உண்டு. மதிப்பெண் போடுவதில்லை, கதைச் சுருக்கம் ஒரு பத்திக்கு மேல் போகக் கூடாது.

சேலத்தில் இதைச் செய்வது ஒன்றும் புதுமை இல்லை. 1930களில் டி. ஆர். சுந்தரம் இங்கே தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்த கம்பெனி. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) அவர்கள் தயாரிப்பு. அங்கே கதை இலாகா என்று தனியாகவே ஒன்று இருந்தது. கருணாநிதியும் கண்ணதாசனும் அந்தக் கம்பெனிக்கு எழுதியவர்கள். 'சண்டமாருதம்' என்ற பத்திரிகையையும் கம்பெனி நடத்தியது, கண்ணதாசன் அதிலும் வேலை பார்த்தார். இன்று ஏற்காடு சாலையில் மிஞ்சியிருப்பது நுழைவாயில் வளைவு. அந்த வழியாகத் தினமும் பஸ்ஸில் போகும் எங்கள் உறுப்பினர்கள் பலருக்கு, மன்றத்துக்கு வரும்வரை அது என்னவென்றே தெரியாது.

அடுத்த இதழின் முக்கியக் கட்டுரை இந்த வளைவுக்குள்ளிருந்து வந்ததுதான். மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி' (1950) படத்துக்கு மூலம் குண்டலகேசிக் கதை. கணவன் கதாநாயகியைக் கொல்லத்தான் மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். அவளோ, சாகும் முன் உன்னை வலம்வர வேண்டும் என்று கேட்டு, பின்னால் வந்ததும் அவனைத் தள்ளிவிடுகிறாள். அந்தக் காப்பியம் நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. சில பாடல்கள் மிஞ்சின, கதை, நீலகேசி என்ற சமண நூலின் உரையில் இருக்கிறது. அங்கே சில வரிகளில் முடிகிற சம்பவம் திரையில் எப்படி நீள்கிறது, யாருக்கு எது எப்போது தெரிகிறது என்று காட்சி காட்சியாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள் இரண்டாமாண்டு மாணவிகள் இருவர். எங்களுக்கே பொறாமையாக இருக்கிற கட்டுரை.

சரி, கணக்கு. ஓர் இதழுக்கு அச்சுச் செலவு சுமார் 30,000 ரூபாய், மூன்றுக்கு 90,000. ஜெராக்ஸ் 12,000. தபால் 15,000. அச்சடித்ததைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப உதவிய பதிவுப் புக்போஸ்ட்டை 2024 டிசம்பரில் தபால் துறை நிறுத்தியதிலிருந்து சிற்றிதழ்காரர்கள் எல்லோருக்குமே இது தலைவலி. சென்னையிலிருந்து வரும் உதவி இயக்குநர்கள், எழுத்தாளர்களுக்குப் பஸ் கட்டணமும் சாப்பாடும் 8,000. அவர்கள் வேறெதுவும் கேட்பதில்லை. மொத்தம் 1,25,000. சந்தாவிலும் உறுப்பினர் கட்டணத்திலும் 25,000 தேறும். மீதி ஒரு லட்சத்துக்குத்தான் உங்களிடம் வருகிறோம். கல்லூரி அறையும் மின்சாரமும் தருகிறது, அதுவே பெரிய உதவி. விளம்பரமும் வாங்கிப் பார்த்தோம். ஒருவர் பின்னட்டைக்குப் பணம் தருவதாகச் சொல்லி, உள்ளே ஒரு விமர்சனத்தை எடுக்கச் சொன்னார். விமர்சனம் வந்தது, விளம்பரம் வரவில்லை.

300 ரூபாய் தந்தால் உங்களுக்கு ஓராண்டு இதழ் வரும். 1,000 ரூபாய் தந்தால் உங்கள் இதழோடு, நீங்கள் சொல்லும் ஊர்ப்புற நூலகத்துக்கோ அரசுப் பள்ளிக்கோ ஒரு பிரதி எங்கள் செலவில் போகும். அதற்கு மேல் தருபவர்களுக்குத் தனி மரியாதை எதுவும் இல்லை. எல்லார் பெயரும் அகர வரிசையில், தொகை போடாமல், ஒரே பக்கத்தில் வரும். நாங்கள் பதிவுபெற்ற அறக்கட்டளை அல்ல, ஆகவே வருமான வரிச் சலுகை கிடைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பணம் தர இயலாதவர்கள் பழைய பாட்டுப் புத்தகம், சினிமாப் பத்திரிகை, படப்பிடிப்பில் கைமாறிய சீன் பேப்பர் (காட்சியும் வசனமும் எழுதிய தாள்) ஏதாவது பரணில் இருந்தால் இரவல் தாருங்கள். ஸ்கேன் செய்துகொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம். தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர்களோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்களோ உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள், டேப்பும் நோட்டுமாக நாங்களே வருகிறோம்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்து பணமாகவும் தரலாம், வங்கிக் கணக்கு விவரத்தைப் பொறுப்பாசிரியரிடம் கேட்டு அனுப்பியும் வைக்கலாம். பொங்கலுக்கு முன்பு கிடைத்தால் அடுத்த இதழ் தாமதமாகாமல் அச்சுக்குப் போகும். வரவு செலவுக் கணக்கு ஆண்டின் கடைசி இதழில் பைசா சுத்தமாக வெளியாகும். மறக்காமல் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

செயற்குழுவும் ஆசிரியர் குழுவும்
சேலம்