மும்பையில் எடுத்த முதல் பாட்டு

கண்ணு,

போனில் பேசினால் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால் பேப்பரில் எழுதி நானே போட்டோ எடுத்து அனுப்புகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பெரிதாக்கிப் படித்துக்கொள். இங்கே எல்லோரும் நல்லபடி. செந்தூரா மாங்காய் இறக்கி முடிந்தது. பெங்களூராவுக்கு இன்னும் நாள் இருக்கிறது, மாங்கூழ் பேக்டரிக்காரர்கள் இந்த வருஷமும் விலை சொல்லாமல் இழுக்கிறார்கள். வேளைக்குச் சாப்பிடு.

போன வாரம் உன் பீரோவை ஒழித்துத் துடைத்தேன். கீழ்த்தட்டில் பழைய சட்டைகளுக்கு அடியில், நியூஸ் பேப்பரில் சுற்றி, உன் இங்கிலாந்து ராக் பாட்டுக் கோஷ்டி அயர்ன் மெய்டனின் சிடி இருந்தது. ஃபிளைட் 666. உள்ளே இருக்கிற சின்னப் புத்தகத்தில் முதல் பாட்டுக்குப் பக்கத்தில் மும்பை என்று போட்டிருக்கிறதே, அதன் கீழே நீலப் பேனாவால் ஒரு கோடு. ரொம்ப அழுத்திப் போட்டிருக்கிறாய், பின்பக்கம் தடவினால் மேடு தெரிகிறது. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே கட்டில் மேல் உட்கார்ந்துவிட்டேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

அக்கா பையன் பர்கூர் காலேஜிலிருந்து சனி ஞாயிறுக்கு வந்திருந்தான். அவன்தான் பழைய டிவிடி பிளேயரைத் துடைத்து டிவியோடு மாட்டிப் போட்டான். அந்த நேரம் பார்த்து உன் கூட்டாளி, சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறானே, அவன் மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு அட்வான்ஸ் வாங்க வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். செருப்பைக் கழற்றி உள்ளே வந்து உட்கார்ந்தான். அப்புறம் இரண்டு பேருக்கும் ஒரு சண்டை வந்தது பார், ராத்திரி பத்து மணி வரைக்கும். நான் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

உன் கூட்டாளிக்கு இந்த ஆல்பம் பிடிக்கவில்லை. 16 பாட்டு, 16 ஊர், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர் மேடையில் எடுத்தது, இதை எப்படி ஒரு கச்சேரி என்று சொல்வது என்கிறான். தோரணம் கட்டின மாதிரி இருக்கிறதாம், ஒவ்வொரு இலையும் ஒவ்வொரு பச்சை. அவனுக்கு இவர்களுடைய பழைய கச்சேரி ஆல்பம் லைவ் ஆஃப்டர் டெத் தான் எல்லாம். பெரும்பகுதி 1985 மார்ச்சில் அமெரிக்காவில் லாங் பீச்சில் நாலு ராத்திரி வாசித்ததில் எடுத்தது, அப்போது பாடகர் டிக்கின்சனுக்கு 26 வயசு, குரல் தீட்டின அரிவாள் மாதிரி நிற்கும் என்றான். அதைப் பதிவு செய்த மார்ட்டின் பிர்ச் தான் 1972-ல் டீப் பர்ப்பிள் என்ற இன்னொரு கோஷ்டியின் மேட் இன் ஜப்பான் கச்சேரி ஆல்பத்தையும் பதிவு செய்தவர் என்று சொல்லும்போது, கோவில் பூசாரி பேரைச் சொல்கிற மாதிரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். ஸ்டுடியோவில் உட்கார்ந்து பின்னால் பூசி மெழுகினால் அது கச்சேரியே இல்லை அம்மா என்று என்னிடமே வந்து நியாயம் கேட்டான்.

அக்கா பையன் விடவில்லை. ஆல்பத்தில் பாடுகிறவர்களை மட்டும் கேட்டால் போதாது, எதிரே நிற்கிற ஜனங்களைக் கேட்க வேண்டும் என்கிறான். இவர்களுடையதே ராக் இன் ரியோ என்று ஒன்றைப் போனில் போட்டான், 2001 ஜனவரியில் பிரேசிலில் இரண்டரை லட்சம் பேர் நின்ற கச்சேரியாம். ஃபியர் ஆஃப் த டார்க் என்ற பாட்டில் கிடாரில் வருகிற மெட்டை, வார்த்தையே இல்லாத மெட்டை, அத்தனை ஜனமும் வாயால் பாடுகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது சாமி. ஃபிளைட் 666 அந்த மாதிரி ஜனங்களைத் தேடிப் போன ஆல்பம் என்று அவன் சொல்கிறான். 2008-ல் 45 நாளில் 23 கச்சேரி, தங்களுக்கென்று வாடகைக்கு எடுத்த ஒரு பெரிய விமானம், அதையும் பாடகரே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். நான் அடுத்த வீட்டு அத்தையிடம் இதைச் சொன்னேன், என் மகன் நேரில் பார்த்த மனுஷன் என்றும் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மும்பைப் பாட்டில் உச்சிக்கு ஏறும்போது அவர் குரல் கொஞ்சம் இழுக்கிறது என்று உன் கூட்டாளி குறை சொன்னான். அப்போது அவருக்கு 49 வயசு. எனக்கு அது குறையாகப் படவில்லை. நம்ம பக்கம் பாரதக் கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுகிறவருக்கு விடியற்காலையில் குரல் கட்டிப்போய்விடும், அந்தக் கட்டிய குரலில்தான் அவர் அழுகையே நமக்கு உறைக்கும். சாயங்காலம் கட்டிய வேஷத்தில் அது கிடைக்காது. இதைச் சொன்னதும் இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள்.

இன்னொன்றும் அக்கா பையன் சொன்னான். அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். இந்தக் கோஷ்டியில் டிரம்ஸ் வாசித்த நிக்கோ மெக்பிரெயினுக்கு 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. எழுபது வயசு. பயிற்சி செய்து செய்து அந்த வருஷமே மேடைக்கு வந்துவிட்டார். ஆனால் முழுசாகப் பழைய கை இல்லை, ட்ரூப்பர் பாட்டில் முன்பு வேகமாகப் போட்ட சில அடிகள் வரவில்லை, மாற்றித்தான் வாசித்தார். முதலில் வெளியே சொல்லவில்லை. ஆகஸ்டில்தான் ரசிகர்களுக்குத் தானே சொன்னார், எனக்கு இப்படி ஆகிவிட்டது என்று. சொன்னதால் ஒருவரும் அவரை விட்டுவிட்டுப் போகவில்லை. 2024 டிசம்பர் வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் கச்சேரிப் பயணத்திலிருந்து விலகினார். ஏழு மாசம் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு எப்படித்தான் ராத்திரி தூங்கினாரோ. அவர் வீட்டில் ஒருத்தருக்காவது தெரிந்திருக்கும், இல்லையா? வீட்டில் சொல்லாமல் இருக்க மாட்டார்.

நீ வேளைக்குச் சாப்பிடு. போன செவ்வாய்க்கிழமை வீடியோவில் பேசினாயே, மணி பதினொன்று, அதே சாம்பல் கலர் பனியன், பின்னால் ஜன்னல் சாத்தியிருந்தது. பகலில் ஜன்னலைத் திறந்து வை. மாமா உன்னை ஒரு புதன்கிழமை மத்தியானம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாகச் சொன்னார், தூரத்திலிருந்து பார்த்தது, வேறு யாராவதாகக்கூட இருக்கும் என்று நானே சொல்லிவிட்டேன். 1ஆம் தேதி பணம் வந்துவிட்டது, 15,000. நான் தொடவில்லை. போன மாசத்துப் பணத்தையும் தொடவில்லை, அதற்கு முந்தின மாசத்தையும். பாஸ்புக்கில் அப்படியே இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கையெழுத்து மட்டும்தான் போட வேண்டும். மருமகள் போன் பண்ணினாள், எல்லாம் நல்லா இருக்கு அத்தை என்றாள். அவள் குரல் எனக்குத் தெரியாதா. அவளையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல். உன்னிடம் ஒன்று பிடிக்கவில்லை எனக்கு, சின்ன வயசிலிருந்தே காய்ச்சல் என்றால்கூடப் போர்வைக்குள் சுருண்டு படுத்துக்கொள்வாய், தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். இவ்வளவு தூரத்திலிருந்து நான் எப்படித் தொட்டுப் பார்ப்பேன்?

இதை எழுதிவிட்டு, நீ யாரிடம் இந்தப் பழக்கத்தைக் கற்றாய் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் பேனாவை வைத்துவிட்டேன்.

2008 பிப்ரவரி 1, வெள்ளிக்கிழமை. திருப்பத்தூரிலிருந்து அக்காவைப் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பையன் எங்கே என்று கேட்டார்கள், சேலம் ஹாஸ்டலில் பரீட்சைக்குப் படிக்கிறான் என்று அப்பா சொன்னார். நான் உள்ளே போண்டா போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, நான்தான் எடுத்தேன். எடுத்ததும் ஒரே இரைச்சல், அணையில் மதகு திறந்துவிட்ட மாதிரி. அதற்குள்ளிருந்து நீ, "அம்மா, கேக்குதா? அம்மா, கேக்குதாம்மா?" என்று கத்தினாய். அவ்வளவு சந்தோஷமாக நீ அதற்கு முன்னும் பின்னும் பேசி நான் கேட்டதில்லை. கையெல்லாம் மாவு. நான் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டேன். மறுபடி அடிக்கக் கூடாது என்று ரிசீவரை எடுத்துக் கீழேயும் வைத்தேன். கூடத்தில் கேட்டதற்கு ராங் நம்பர் என்றேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ரயில் டிக்கெட்டை உன் பையில் அப்பா எடுத்த அன்றைக்கு, அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன் என்று நீ சொன்னாய். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு எந்தப் போனும் வரவில்லை என்று சொன்னேன். அக்கா கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயம், அப்பா கோபம் என் பக்கம் திரும்புமோ என்றும் பயம். நீ அடி வாங்கியது மும்பைக்குப் போனதற்கு மட்டும் இல்லை, பொய் சொன்னாய் என்பதற்கும்தான். நீ பொய் சொல்லவில்லை. நான் சொன்னேன். அடி விழும்போது நீ என்னையே பார்த்தாய், அதற்கப்புறம் ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அப்பா போகிற வரைக்கும் அவரிடமும் நான் சொல்லவில்லை. பெரிய தப்பு சாமி. இத்தனை வருஷம் கழித்து எழுதுவதற்கே கை வரவில்லை.

அவர்கள் இரண்டு பேரும் போன பிறகு அந்த முதல் பாட்டை மட்டும் தனியாகப் போட்டேன். முதலில் ஒரு பெரியவர் யுத்தத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுகிறார், சர்ச்சிலாம். அப்புறம் கிடார், கூடவே ஜனங்கள். அதே இரைச்சல்தான், எனக்கு நல்ல ஞாபகம் இருக்கிறது. டிவிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். நான் வைத்துவிட்ட போனுக்கு அந்தப் பக்கம் நடந்தது இதுதான் என்று பாட்டு முடிகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை, மூன்று தடவை கேட்டேன். எந்த ஆல்பம் பெரிசு என்று அவர்கள் சண்டை போடட்டும், எனக்கு இதுதான்.

கேட்டது கண்ணு. அன்றைக்கே கேட்டது.

வீட்டுச் சாவி அதே மாடத்தில்தான் இருக்கிறது. உன் ரூமுக்கு ஃபேன் மாட்டியாகிவிட்டது. ராத்திரி கடைசி பஸ்ஸில் வந்தாலும் பைபாஸில் இறங்கி ஒரு போன் அடி, அக்கா பையனை வண்டியோடு அனுப்புகிறேன், அவன் இல்லாவிட்டால் உன் கூட்டாளி வருவான், அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே.

அப்புறம், செந்தூராவில் நல்ல காயாக நாலு டஜன் உனக்கென்று வைக்கோலில் வைத்திருக்கிறேன், நாலைந்து நாளில் பழுத்துவிடும். பார்சலை எப்போதும் போல ஆபீஸ் விலாசத்துக்கே அனுப்பட்டுமா, இல்லை வீட்டுக்கு அனுப்பட்டுமா? வியாழக்கிழமைக்குள் சொல்.

அம்மா