வாசகர் மன்ற ஆண்டறிக்கை (கரடி விவகாரம் உட்பட)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, மழையையும் பார்க்காமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப் குழுவில் போடப்படும். அதற்குக் கட்டைவிரல் படம் போட்டால் வருகைப் பதிவில் சேராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆண்டு செயற்குழு ஐந்து முறை கூடியது. மூன்று முறை கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச ஆள்) இருந்தது. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். பொங்கல் கோலப்போட்டி பனி விலகிய பிறகு தொடங்கி நல்லபடியாக முடிந்தது. நூலக அலமாரிக்குக் கரையான் மருந்து அடித்தோம். காலமான உறுப்பினர் இருவருக்கு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றினோம்.

இனி மாதச் சொற்பொழிவு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இதிகாசம், வேதாகமம், குர்ஆன், பாட்டி கதை எல்லாவற்றிலும் வரும் விலங்குகளைப் பற்றி மாதம் ஒரு பேச்சு என்று நான் முன்மொழிந்தபோது, "மன்றத்தை மிருகக்காட்சி சாலை ஆக்கப் பார்க்கிறார்" என்று ஓர் உறுப்பினர் சொன்னார். மினிட் புத்தகத்தில் அது அப்படியே இருக்கிறது; எழுதியவன் நான்தான். வாசலில் காட்டெருமை நிற்கிறது, அது நகர்ந்ததும் வருகிறேன் என்று கூட்டத்துக்குத் தாமதம் சொல்லும் ஊர் நம் கோத்தகிரி. இங்கே பேசாமல் இதை வேறு எங்கே பேசுவது?

முதல் பேச்சு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பாய் அவர்களுடையது. குர்ஆனின் 27ஆவது அத்தியாயத்துக்கு எறும்புகள் என்றே பெயர். சுலைமான் நபியின் படை வருவதைப் பார்த்த ஓர் எறும்பு, எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுங்கள், அவர்கள் தெரியாமலேயே நம்மை மிதித்துவிடப் போகிறார்கள் என்று கூவுகிறது. நபி அதைக் கேட்டுப் புன்னகை செய்கிறார். மே மாதச் சுற்றுலா சீசனில் நாமும் பிள்ளைகளிடம் இதைத்தானே சொல்கிறோம் என்று பாய் கேட்டார். அதே அத்தியாயத்தில் நபி பறவைகளுக்கு வருகைப் பதிவு எடுக்கிறார், கொண்டலாத்தியைக் காணோம். தகுந்த காரணம் சொல்லாவிட்டால் கடும் தண்டனை, இல்லையென்றால் அறுத்தே விடுவேன் என்கிறார். நம் விதிமுறைகளில் அவ்வளவுக்கு இடமில்லை. ஆனால் அந்தக் கொண்டலாத்தி தாமதமாக வந்தாலும் சபா நாட்டு அரசியைப் பற்றிய செய்தியோடு வந்தது. நம்மவர்கள் அடுத்த வாரம் கொண்டுவரும் செய்தி, "மறந்தே போச்சுங்க" என்பதுதான்.

அடுத்த மாதம் சபை மூப்பர் ஒருவர் வேதாகமத்தில் வரும் பிலேயாமின் கழுதையை அழைத்து வந்தார். வழியில் வாளோடு நிற்கும் தேவதூதன் பிலேயாமின் கண்ணுக்குத் தெரியவில்லை, கழுதைக்குத் தெரிகிறது. மூன்று முறை அடி வாங்கிய பிறகு அது வாய் திறந்து, நான் உமக்கு என்ன செய்தேன் என்று கேட்கிறது. கழுதை பேசியதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. பிலேயாம் கொஞ்சமும் திகைக்காமல் அதோடு வாக்குவாதத்தில் இறங்கினான் பாருங்கள், அதுதான். எலிசா தீர்க்கதரிசியின் கதையும் சொன்னார். "மொட்டைத்தலையா, ஏறிப்போ" என்று கேலி செய்த பிள்ளைகளில் 42 பேரைக் காட்டிலிருந்து வந்த இரண்டு கரடிகள் பீறிப்போட்டன என்றபோது, அரங்கமே தலைவரைத் திரும்பிப் பார்த்தது. தலைவர் குல்லாவைக் கழற்றவில்லை.

எருமைப் பேச்சுக்கு ஒன்பது பேர். சமவெளிக் கதைகளில் எருமைக்கு நல்ல பெயர் கிடையாது. எமனுக்கு வாகனம், இல்லாவிட்டால் மகிஷாசுரன். நம் மலையில் கதை வேறு. தோடர் பழங்குடி மரபில், தெய்வம் மண்ணுக்குள்ளிருந்து எருமைகளை வரவழைத்தபோது கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர்தான் முதல் தோடர். காட்டெருமைக்கு மட்டும் எந்த வேலையும் அமையவில்லை என்று ஒருவர் வருத்தப்பட்டார். பசுவுக்குக் கண்ணன், காளைக்குச் சிவன் என்று ஆளுக்கொரு இடம் போட்டாயிற்று. இது சங்கப் பாட்டில் ஆமா என்று பெயர் வாங்கியதோடு சரி. அதனால்தான் தேயிலைக்குள் சும்மா நிற்கிறதாம்.

ராமாயணத்துக் கரடி அரசர் சாம்பவான் பற்றிய பேச்சு என்னுடையது. ஏழு பேர் வந்தார்கள். அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிஷ்கிந்தா காண்டத்தின் கடைசியில் கடற்கரையில் ஒரு செயற்குழுக் கூட்டம் நடக்கிறது. கடல் 100 யோசனை தூரம். யார் யாரால் எவ்வளவு தாண்ட முடியும் என்று அங்கதன் கேட்கிறான். கஜன் 10 என்கிறான். கவாட்சன் 20. இப்படிப் பத்துப் பத்தாக ஏறுகிறது. வாமனன் உலகளந்தபோது அவரை வலம் வந்தவன் நான், இப்போது வயதாகிவிட்டது, 90 முடியும் என்கிறார் சாம்பவான். அங்கதன் போய்விடுவான், திரும்புவதுதான் சந்தேகம். (இதே சாம்பவான் அடுத்த யுகத்தில் சியமந்தக மணிக்காகக் கண்ணனோடு 28 நாள் மல்லுக்கட்டியதாகப் பாகவதம் சொல்கிறது. வயதாகிவிட்டது என்று யார் சொன்னாலும் அதிலிருந்து நான் நம்புவதில்லை.) நம் சுற்றுச்சுவர்க் கூட்டமும் இப்படித்தான் நடந்தது. ஆளுக்கு ஒரு தொகை சொன்னோம், சுவரைத்தான் காணோம். கடைசியில் சாம்பவான், ஓரமாக வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அனுமனிடம் போய், நீ யார் தெரியுமா, உன் பலம் என்ன தெரியுமா என்று ஆரம்பிக்கிறார். அனுமன் வளர்கிறான். நான்கு ஆண்டுகளுக்கு முன் என்னைச் செயலாளர் ஆக்கியதும் இதே முறையில்தான். ஓரமாக உட்கார்ந்தது என் தவறு.

இப்போது கரடி.

அணில் பேச்சு ஒரு சனிக்கிழமை மாலை இருந்தது. வெள்ளிக்கிழமையே தேநீரோடு தின்ன இரண்டு கிலோ வர்க்கி (நம் மலையின் மொறுமொறு பேக்கரிப் பண்டம்) வாங்கித் தகர டின்னில் போட்டு மன்ற மேசையில் வைத்தேன். காலையில் வந்து பார்த்தால் பின்கதவின் கீழ்ப்பலகை பிளந்து கிடக்கிறது. டின் மூடி இரண்டாக மடிந்திருக்கிறது. உள்ளே ஒரு துணுக்குகூட இல்லை. பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் விளக்கு துடைத்து வைத்ததுபோல் பளபளவென்று இருந்தது. எண்ணெயை நக்கிவிட்டு, திரியை மட்டும் மாடத்தில் விட்டுப் போயிருந்தது. கதவு நிலையில் என் மார்பு உயரத்தில் ஐந்து கோடுகள்.

வர்க்கியை இரவில் வைத்துவிட்டுப் போனதால்தான் கரடி வந்தது என்று பொருளாளர் எழுத்துமூலம் தெரிவித்திருக்கிறார். நம் மலையில் கரடிகள் கோயில் விளக்கெண்ணெய்க்கு வருவது ஊரறிந்த விஷயம். எண்ணெய்க்கு வந்த இடத்தில் வர்க்கி கிடைத்தது என்பதே என் நிலைப்பாடு. போதாததற்குக் கரடிக்குக் கரையான் என்றால் உயிர். மருந்து அடிக்காமல் இருந்திருந்தால் அலமாரி வேலையும் செலவில்லாமல் முடிந்திருக்கும். இதைப் பொருளாளரிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை.

அன்று மாலைதான் இந்த ஆண்டின் பெருங்கூட்டம். எல்லோரும் கதவைப் பார்க்க வந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். வந்தவர்களை உட்கார வைத்துப் பேசினேன். சேது கட்ட உதவிய அணிலுக்கு ராமர் முதுகில் போட்ட மூன்று கோடு வால்மீகியில் இல்லை. தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் நீரில் குளித்து, புரண்டு ஓடி, கடலை அடைக்கப் பார்த்த அணில்களைச் சொல்லி, தான் அவற்றைப்போலக்கூட இல்லையே என்று உருகுகிறார். அங்கேயும் கோட்டைப் பற்றிப் பேச்சில்லை. கோடு நம் பாட்டிமார் போட்டது. மேட்டுப்பாளையம் சாலைக் காட்டில் பார்க்கிறோமே மலை அணில், அதன் முதுகில் கோடே கிடையாது. அன்று வேலைக்கு வராத அணில் அது. யாரையும் மனதில் வைத்து நான் இதைச் சொல்லவில்லை. உடைந்த பலகையை மாற்றியாயிற்று. நிலையையும் மாற்றலாம் என்றபோது, "சாம்பவானே வந்துட்டுப் போயிருக்காரு, அதை ஏன் சாமி பேக்கணும்" என்று ஒரு பாட்டியம்மா அந்த ஐந்து கோட்டுக்கும் மஞ்சள் பூசிவிட்டார். கோடு அப்படியே இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு கதவு உட்பட. சந்தாவில் பாதிக்கும் மேல் பாக்கி. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை என்கிறார்கள். உண்மைதான், எனக்கும் அரை ஏக்கர் இருக்கிறது. ஆனால் ரசீதுப் புத்தகத்தோடு நேரில் போனால், பர்ஸ் வீட்டில் இருக்கிறது என்பவர்களை என்ன செய்வது? இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேன் என்று முதலையிடம் சொன்ன குரங்குக்காவது உயிர் போகிற அவசரம். சிலர் வெளியூர் விழாக்களுக்குத் தாராளமாக நன்கொடை தருகிறார்கள். பழனி மலைப் பேகன் மயிலுக்குக் குளிருமே என்று போர்வை கொடுத்தான். வீட்டில் அழுதுகொண்டிருந்த மனைவி கண்ணகியிடம் திரும்பிப் போகச் சொல்லிக் கபிலரும் பரணரும் பாட வேண்டியிருந்தது. புறநானூற்றில் இருக்கிறது. நம் மன்றத்தில் பாடப் புலவர் இல்லை, நான்தான் இருக்கிறேன். இலை பறிக்கப் போகும் உறுப்பினர்கள் மூவர் மாதாமாதம் இருபத்தைந்து ரூபாயாகக் கொடுத்து ஆண்டுச் சந்தாவை முடித்துவிட்டார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

பேச்சாளர்களுக்கும், மைக் செட் கொடுத்தவருக்கும், டீக்கடைக்காரருக்கும், இரவில் வந்து பட்டாசு வெடித்த வனத்துறையினருக்கும் மன்றத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு மரம் செடிகளைப் பற்றிப் பேசலாம், வம்பில்லை என்று செயற்குழுவில் ஒரு கருத்து வந்திருக்கிறது. பட்டியலில் பலாவும் இருப்பதால் கரடி விஷயத்தில் என்னால் உறுதி தர முடியாது. பின்கதவுக்கு இரும்பு கிரில் போட விலை கேட்டு வைத்திருக்கிறேன்; பாக்கிச் சந்தா முழுவதும் வந்தால் கிரில் போட்டு மேலே கொஞ்சம் மிஞ்சும். நான் இந்தப் பொறுப்பில் தொடர விரும்பவில்லை. ஓரமாக அமைதியாக உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் சிலரை இப்போதே கவனித்து வைத்திருக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் தேநீரும் வர்க்கியும் உண்டு. வர்க்கி இந்த முறை இரும்பு அலமாரியில் இருக்கிறது, சாவி பொருளாளரிடம். ரசீதுப் புத்தகமும் அவரிடம்தான் இருக்கிறது. ஆறு மணிக்குள் எல்லோரும் கிளம்பிவிட வேண்டும். கோயில் பக்கமாகப் போகிறவர்கள் டார்ச்சோடு நான்கைந்து பேராகச் சேர்ந்து போகவும்.

இங்ஙனம்,
செயலாளர்