34 டிகிரி தானேன்னு அசால்ட்டா இருந்துடாதம்மா

அன்புள்ள பாப்பா,

நேத்து போன்ல நீ சொன்னதுதான் மனசுல ஓடிட்டே இருக்கு. "45 டிகிரி வெயில்லயே சைட்ல நின்னு வேலை பார்த்தவ நான், இப்ப போற எடம் கடலோரம், ஆப்ல பார்த்தா வெறும் 34 தான் காட்டுது, எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா"ன்னு சொன்ன பாரு, அதுக்குத்தான் இந்த லெட்டர். போன்ல இதெல்லாம் சொல்ல ஆரம்பிச்சா "சரிப்பா சரிப்பா"ன்னு சொல்லி வெச்சிடுவ. பெருசாத்தான் போகும், டிரெயின்ல போறப்ப பொறுமையா படி.

மொதல்ல ஒண்ணு. அந்த 45ஐயும் இந்த 34ஐயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பார்க்கவே கூடாதும்மா. தெர்மாமீட்டர் காட்டுறது காத்தோட சூடு. உன் உடம்புக்குத் தெரியவேண்டியது, உள்ள இருக்கிற சூட்டை வெளிய தள்ள முடியுதா இல்லயாங்கிறதுதான். உடம்புக்குள்ள 37, தோல் மேல சுமாரா 35. வெளிய அதைவிட சூடு ஏறிடுச்சுன்னா காத்து நம்ம சூட்டை வாங்கிக்காது, நமக்குத்தான் சூடு குடுக்கும், அப்ப மிச்சம் இருக்கிற ஒரே வழி வேர்வை. அதுவும் வேர்த்தா மட்டும் போதாது, அது காயணும். ஒரு லிட்டர் வேர்வை தோல் மேலயே முழுசா ஆவியானா சுமார் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துட்டுப் போகும். அதே ஒரு லிட்டர் நெத்தியில இருந்து சொட்டு சொட்டா கீழ விழுந்துச்சுன்னா தண்ணியும் உப்பும் போனதுதான் மிச்சம், உடம்பு குளிரவே குளிராது.

வறண்ட ஊர்ல நீ பார்த்திருப்ப, சாயங்காலம் சட்டையில வெள்ளை வெள்ளையா உப்பு கோடு மட்டும் இருக்கும், ஈரமே இருக்காது. வேர்க்கவே இல்லன்னு தோணும். ஆனா வேர்த்து வேர்த்து அந்த நிமிஷமே காஞ்சு போயிருக்கு, உன்னை காப்பாத்துனது அதுதான். கடலோரத்துல அதே சட்டை காலைல பத்து மணிக்கே முதுகோட ஒட்டிக்கும், நைட்டு வரைக்கும் காயாது, துவைச்சு போட்ட துணியே மறுநாள் ஈரவாடையோட இருக்கும். துணியே காயாத காத்துல உன் வேர்வை மட்டும் எப்படிம்மா காயும்?

இதை நம்பரா பார்க்கவும் வழி இருக்கு. தெர்மாமீட்டர் முனையில ஈரத்துணியை சுத்தி காத்து படுற மாதிரி வெச்சா அது காட்டுறதுதான் வெட் பல்ப் டெம்பரேச்சர். தண்ணி ஆவியாகி அந்த முனை எவ்ளோ தூரம் குளிர முடியும்னு அது சொல்லுது, கிட்டத்தட்ட நம்ம வேர்த்த தோல் கதைதான் அது. 45 டிகிரி, ஹியூமிடிட்டி (காத்தோட ஈரப்பதம்) 13 சதவீதம்னா வெட் பல்ப் 22, 23 கிட்டதான் நிக்கும். 34 டிகிரி, 65 சதவீதம்னா 28க்கு வந்துடும், அதே 34ல ஹியூமிடிட்டி 75 ஆச்சுன்னா 30. பார்த்தியா, நீ ஜாலின்னு சொன்ன எடம்தான் உடம்பு குளிர வழியில்லாத எடம்.

35 வெட் பல்ப்தான் மனுஷனால தாங்கக்கூடிய எல்லைன்னு 2010ல ஷெர்வுட், ஹ்யூபர்னு ரெண்டு விஞ்ஞானிங்க கணக்கு போட்டு எழுதுனாங்க. அதுக்கு மேல போனா நிழல்ல ஃபேன் போட்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும் சில மணி நேரத்துல உடம்பு சூடு ஏறிட்டே போகும்னு அர்த்தம். அப்புறம் அமெரிக்காவுல பென் ஸ்டேட் யுனிவர்சிட்டில இளவயசு, நல்ல ஆரோக்கியமா இருக்கிறவங்களை வெச்சே சோதிச்சு பார்த்தா, ஈரமான சூட்டுல 31 கிட்டயே உடம்பு தடுமாற ஆரம்பிச்சிடுது, 2022ல வந்த ரிசல்ட் அது. அதுவும் லேசா வீட்டு வேலை செய்யற அளவு அசைவுதான். நீ பண்றது வெயில்ல நின்னு சர்வே. அதனால 28, 30ன்னு பார்க்கும்போது எனக்கு வயித்தைக் கலக்குது.

இன்னொண்ணு, ஆப்ல ஹியூமிடிட்டி சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாத. காலைல 28 டிகிரில 84 சதவீதம்னு காட்டும், மத்தியானம் 35ல 56 சதவீதம்னு காட்டும், ஆஹா குறைஞ்சிடுச்சேன்னு தோணும். காத்துல இருக்கிற தண்ணி ரெண்டு வேளையும் ஒரே அளவுதான், சூடான காத்து நிறைய தண்ணி புடிக்கும்ங்கறதால சதவீதம் இறங்கி காட்டுது, அவ்ளோதான். ட்யூ பாயின்ட்னு ஒண்ணு கீழ குட்டியா போட்டிருப்பான், காத்து எத்தனை டிகிரிக்கு குளிர்ந்தா அதுல இருக்கிற ஈரம் தண்ணியா படியும்ங்கிற அளவு, அதைப் பாரு. மேல சொன்ன ரெண்டு நேரத்துலயும் அது 25தான். 16க்கு கீழ இருந்தா காத்து லேசா இருக்கும், 20 தாண்டுனா பிசுபிசுப்பு ஆரம்பம், 24 தாண்டுனா மூச்சு முட்டுற புழுக்கம். ஆப் இல்லன்னா ஃப்ரிட்ஜ்ல இருந்து ஒரு பாட்டிலை எடுத்து வெளிய வெச்சு பாரு. வறண்ட ஊர்ல அது மேல லேசா மூட்டம் புடிச்சு உடனே மறைஞ்சிடும், கடலோரத்துல ரெண்டே நிமிஷத்துல முத்து முத்தா கோத்து, ஒழுகி, டேபிள்ல குளம் கட்டும். நீ கண்ணாடி போடறவ வேற, ஏசி ரூமை விட்டு வெளிய வந்த உடனே கண்ணாடி வெள்ளையா மூடுச்சுன்னா அன்னிக்கு வேலையை குறைச்சுக்கணும்னு வெச்சுக்க.

ஊருக்கு ஊர் கோடை ஆரம்பமே வேற மாதிரிம்மா. டெல்லி, ராஜஸ்தான் பக்கம் மே மாசம் மேற்க இருந்து லூ அனல்காத்து அடிக்கும், வறட்சியான சூடு, 2016 மே 19ம் தேதி பலோடியில 51 டிகிரி போச்சு. ஜூன் கடைசில பருவமழைக்காத்து வந்ததும் டெம்பரேச்சர் பத்து டிகிரி வரைக்கும் இறங்கும், ஜனங்க அப்பாடான்னு இருப்பாங்க, ஆனா காத்துல ஈரம் ஏறி புழுக்கம் புடிச்சுக்கும், அந்த மாறுற வாரங்கள்தான் ரொம்ப மோசம். சென்னை மாதிரி கிழக்கு கடற்கரையில எல்லாம் கடல்காத்து கையில இருக்கு. அது மத்தியானத்துக்கு முன்னாடியே உள்ள வந்துட்டா சூடு அடங்கி புழுக்கம் ஏறும், மேற்கு காத்து பலமா அடிச்சு அதை தடுத்துட்டா வெயில் கொளுத்தும், 2003 மே 31ல அங்க 45 டிகிரி போயிருக்கு. ஒரே ஊர்ல ரெண்டு வித சூடு, சில நாள்ல ஒரே பகல்லயே ரெண்டும். வானிலைத் துறை ஹீட்வேவ் சொல்றதுக்கே சமவெளிக்கு 40, கடலோரத்துக்கு 37, மலைக்கு 30ன்னு தனித்தனி அளவு வெச்சிருக்காங்க, வழக்கத்தைவிட எவ்ளோ கூடியிருக்குன்னும் சேர்த்து பார்ப்பாங்க.

அமெரிக்காவுல ஃபீனிக்ஸ், ஹூஸ்டன் ரெண்டையும் எடுத்துக்க. ஜூன்ல ஃபீனிக்ஸ் 41, 42 சர்வசாதாரணம், ஆனா காத்து காஞ்சு கெடக்கும். ஹூஸ்டன் 33, 34தான், மெக்சிகோ வளைகுடால இருந்து வர்ற ஈரம் மொத்தமும் அங்கதான் எறங்கும். சிங்கப்பூர்ல 2023 மே 13ல 37 தொட்டதே ரெக்கார்டு, 1983ல வந்த பழைய ரெக்கார்டுக்கு சமம், ஆனா அங்க நைட்டு பெரும்பாலும் 25க்கு கீழ எறங்காது. அதுதான் முக்கியம். வறண்ட ஊர்ல சூரியன் சாய்ஞ்சதும் தரை சூட்டை வானத்துக்கு விட்டுடும், ஈரம் இருக்கிற எடத்துல காத்துல இருக்கிற நீராவியே அந்த சூட்டை போகவிடாம புடிச்சு வெச்சுக்கும். பகல்ல பட்ட சூடு உடம்பை விட்டு எறங்க நைட்டு குளிர்ச்சி வேணும், அது கெடைக்கலன்னா மறுநாள் நீ காலைலயே பாதி களைச்சுத்தான் வேலைக்கு போவ.

எல்லாத்துக்கும் மேல பாரசீக வளைகுடா. ஆழம் கம்மியான கடல், கோடையில தண்ணியே 32, 33 டிகிரிக்கு மேல போயிடும். ஜூன்ல ஷமால்னு வடமேற்கு காத்து வறட்சியா அடிக்கறதால ஓரளவு தப்பிக்கலாம், ஆகஸ்ட் செப்டம்பர்தான் அங்க புழுக்கத்தோட உச்சம். 2003 ஜூலை 8ல சவுதி தஹ்ரான்ல ட்யூ பாயின்ட் மட்டுமே 35 போயிருக்கு, நினைச்சுப் பாரு. பாகிஸ்தான் ஜேக்கபாபாத்லயும் எமிரேட்ஸ் பக்கம் ராஸ் அல் கைமாலயும் வெட் பல்ப் சில தடவை ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு 35ஐயே தாண்டியிருக்குன்னு 2020ல ஒரு ஆய்வு வந்துச்சு. அதே அரேபிய கரையில ஓமன் சலாலா மட்டும் ஜூன் கடைசில இருந்து பனிமூட்டமும் தூறலுமா 25 டிகிரில பச்சைப்பசேல்னு கெடக்கும். என்னிக்காவது ஒரு நாள் போய் பார்க்கணும்மா அந்த ஊரை.

இதுக்காக வறண்ட சூடு நல்லதுன்னு நான் சொல்லல, உன் கூட வேலை பார்த்த புள்ளைங்க இன்னும் அங்கதானே இருக்காங்க, அவங்ககிட்டயும் சொல்லு. வேர்க்கறது தெரியாததால தண்ணி போறதே தெரியாது, தாகம் எடுக்கும்போது ஏற்கனவே லேட். 40 தாண்டுனா ஃபேன் காத்து உதவாது, சூட்டை வாரி மேல அடிக்கும், உலக சுகாதார நிறுவனமே 40க்கு மேல ஃபேனை நம்பாதீங்கன்னு சொல்லுது. அங்க தண்ணி ஊத்துற ஏர் கூலர் அருமையா வேலை செய்யும். நீ அதை தூக்கிட்டு கடலோரம் போயிடாத, ஏற்கனவே ஈரமா இருக்கிற ரூம்ல இன்னும் ஈரத்தை ஏத்தும், அவ்ளோதான் பண்ணும். கடலோரத்துல ஃபேன் நல்லது, இல்லன்னா ஏசி, ஏசி குளிர வைக்கிறதோட காத்துல இருக்கிற ஈரத்தையும் புழிஞ்சு எடுத்துடும்.

இப்ப நான் முக்கியமா பயப்படற விஷயத்துக்கு வரேன். கோடை ஆரம்பத்துலதான் சூடு நெறைய பேரை அடிக்குது, ஏன்னா உடம்பு இன்னும் பழகியிருக்காது. பழகறதுக்கு ஒண்ணுல இருந்து ரெண்டு வாரம் புடிக்கும், அதுக்குள்ள ரத்தத்துல நீர் அளவு கூடும், சீக்கிரமே வேர்க்க ஆரம்பிக்கும், வேர்வையில போற உப்பு குறையும். கனடாவுல 2021 ஜூன் கடைசில லிட்டன்ங்கற ஊர்ல 49.6 டிகிரி வந்துச்சு, அந்த மாகாணத்துல மட்டும் அந்த வெக்கையில 619 பேர் போயிட்டாங்க, கிட்டத்தட்ட எல்லாருமே வீட்டுக்குள்ள இருந்தவங்க. குளிருக்குன்னு கட்டுன வீடு, பழகாத உடம்பு. அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்பு துறை ஓஷா சொல்றது இன்னும் மோசம், வேலையிடத்துல சூட்டால சாகறவங்கள்ல பாதி பேர் கிட்ட மொத நாளே போறாங்க, 70 சதவீதத்துக்கு மேல மொத வாரத்துல. மொத வாரம்மா! நீ 45ல பழகுனது இங்க கொஞ்சம் கைகொடுக்கும், இல்லன்னு சொல்லல, ஆனா காயாத வேர்வைக்கு உன் உடம்பு இன்னும் பழகல, புது ஆளாத்தான் நீ அங்க எறங்கணும்.

அதனால மொத நாள் சைட்ல முழு ஷிஃப்ட் நிக்காத. புது ஆளுக்கு மொத நாள் 20 சதவீதம், அப்புறம் தெனம் 20 சதவீதம் கூட்டிக்கிட்டே போறதுதான் முறை, உன் மேனேஜர்கிட்ட இதை வாய்விட்டு கேளு, வெக்கப்படாத, கேட்டா வேலை தெரியாதவன்னு எவனும் நினைக்க மாட்டான், நினைச்சா நினைச்சுட்டு போகட்டும். வேலை நேரத்துல 15, 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் தண்ணி, தாகம் எடுக்கலன்னாலும். அதுக்காக மடமடன்னு மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல ஏத்திடாத, வெறும் தண்ணியா குடிச்சா ரத்தத்துல உப்பு எறங்கிடும், நெறைய வேர்த்த நாள்ல ஓஆர்எஸ் கலந்துக்க. வறண்ட ஊர்ல வெயில் அனலுக்கு போட்ட தடிமனான முழுக்கை சட்டை கடலோரத்துல உன்னையே வேக வெச்சிடும், மெல்லிசா, தொளதொளன்னு, காத்து பூந்து போற மாதிரி போடு, மாத்து சட்டை பையில இருக்கட்டும். வேர்க்குரு வந்தா சும்மா அரிப்புதானேன்னு விடாத, வேர்வை துவாரம் அடைச்சிருக்குன்னு அர்த்தம், அந்த எடத்துல உடம்பு சரியா குளிராது.

தசை புடிச்சு இழுத்தாலோ, தலை சுத்துனாலோ, வாந்தி வர்ற மாதிரி இருந்தாலோ அங்கயே வேலையை நிறுத்து. கூட இருக்கிறவங்க யாராவது ஒளறுனாங்க, நடை தள்ளாடுச்சு, கேட்டதுக்கு சம்பந்தமில்லாம பதில் சொன்னாங்கன்னா அது ஹீட் ஸ்ட்ரோக். வேலை செஞ்சிட்டு இருந்தவங்களுக்கு வேர்த்துக்கிட்டேகூட வரும், தோல் காஞ்சிருந்தாத்தான்னு காத்திருக்காத. ஆம்புலன்ஸுக்கு சொல்லிட்டு அது வர்ற வரைக்கும் சும்மா நிக்காம நிழலுக்கு கொண்டுவந்து, தலையில இருந்து கால் வரை குளிர்ந்த தண்ணி ஊத்திட்டே இருங்க, ஐஸ் இருந்தா கழுத்து, அக்குள், தொடை இடுக்குல வைங்க. புழுக்கமான எடத்துல ஈரத்துணி போட்டு விசிறுனா மட்டும் பத்தாது, தண்ணி காயாதே, ஐஸ் வேணும். சைட்ல ஒரு ஐஸ் பெட்டி எப்பவும் இருக்கணும்னு மொத நாளே சொல்லி வாங்கி வை. நெனவு இல்லாதவங்க வாயில தண்ணி ஊத்தவே கூடாது.

ஜாயினிங் தேதி கன்ஃபர்ம் ஆன உடனே எனக்கு மெசேஜ் போடு, அந்த வாரம் அங்க ட்யூ பாயின்ட் எப்படி போகுதுன்னு தெனம் பார்த்து காலைல உனக்கு அனுப்பிடறேன். 25க்கு மேல இருக்கிற அன்னிக்கு சர்வேயை விடியக்காலைல ஆரம்பிச்சு பத்து மணிக்குள்ள முடிக்கிற மாதிரி இப்பவே டீம்ல பேசி வெச்சுக்கம்மா.

அப்பா