காடி யாரு ஓட்டுறா

தம்பி,

கேப் டவுன் போட்டோ எல்லாம் வந்துச்சுப்பா. மேல தட்டையா இருக்கே டேபிள் மவுண்டன், அத உங்கப்பாகிட்ட காட்டுனேன், ஆயிரம் மீட்டருக்கு மேலயாம்னு சொன்னேன், நம்ம பினாங்கு ஹில்லே 833 தானே, கண்ணாடிய மாட்டி மாட்டி பாத்தாரு, வாயத் தொறக்கல, ஆனா சாயங்காலம் கோப்பித்தியாம் காப்பிக்கடையில எல்லார்கிட்டயும் காட்டியிருக்காரு. காத்து பலமா அடிச்சா கேபிள் கார நிறுத்திடுவாங்களாமே, நிறுத்துனா பேசாம ரூம்ல இரு, நடந்து ஏறுறேன்னு கிளம்பாத. கேம்ப்ஸ் பே பீச்சுல தண்ணி பயங்கர குளிராம், நம்ம பினாங்கு பத்து ஃபெரிங்கி பீச் நெனப்புல குதிச்சிடாத. சைமன்ஸ் டவுன் பக்கம் பெங்குவின் இருக்கற பீச்சுக்குப் போனா அக்கா மவளுக்கு வீடியோ எடுத்து அனுப்பு, தெனமும் கேக்குறா.

நேத்து வந்தது ஸ்டெல்லன்போஷ் தானே? திராட்சத் தோட்டம், பின்னால மலை, நல்லாத்தான் இருக்கு. மேசையில நாலு கிளாஸ், ஆளு நீ ஒருத்தன் தான். ஒயின் டேஸ்டிங்னா அப்படித்தாம்மா, கொஞ்சங்கொஞ்சமா ஊத்துவாங்கன்னு அக்கா சொல்றா. சரி. காடி யாரு ஓட்டுறா? அங்கயும் நம்மள மாதிரி இடது பக்கம் தான், அதனால ஓட்டிடலாம்னு நெனப்ப. ஓட்டாத. தோட்டத்துக்குப் போற அன்னைக்கு டிரைவர் வச்சுக்க, காசு நான் போட்டு விடுறேன்.

அந்த ஊரு தோட்டத்தப் பத்திப் படிச்சேன், முன்ன அங்க வேல செஞ்சவங்களுக்குக் கூலியில ஒரு பங்க ஒயினாவே ஊத்திக் கொடுத்தாங்களாம், டொப்னு பேராம், அப்படியே தலைமுறை தலைமுறையா குடியில விட்டுட்டாங்க. படிச்சதும் எனக்கு நம்ம ஊரு எஸ்டேட் கள்ளுக்கடை தான் வந்து நின்னுச்சு. சம்பளம் வாங்குற அதே எஸ்டேட்டுக்குள்ளயே கடை, சம்பளத்தன்னைக்கு காசு வீட்டுக்கு எங்க வரும். 1941ல கிள்ளான்ல ஸ்ட்ரைக் பண்ணுனப்ப கள்ளுக்கடைய மூடுன்னும் சேத்துத் தான் கேட்டாங்க, அந்தக் கூட்டத்துல எங்க தாத்தாவும் நின்னாரு. அவரு மவன் எப்படிப் போனாருன்னு உனக்குத் தெரியும். பெரிய மாமா கதையும் தெரியும். நான் சொல்ல வேண்டியதில்ல.

தீபாவளியன்னைக்கு நடந்தத நான் கேக்கல, அப்பாவும் கேக்க மாட்டாரு. அதுக்கப்புறம் நீ வீட்டுப் பக்கமே வரல, கோலாலம்பூர்ல வேல ஜாஸ்தின்னு சொன்ன, கேப் டவுனுக்கு மட்டும் லீவு கெடச்சிருக்கு. குறையா சொல்லலய்யா, நீ சம்பாரிக்கிற, போ, நம்ம வீட்டுல யாரு அவ்ளோ தூரம் போயிருக்கா. போயிட்டு முழுசா வா.

சின்னம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சுது, மத்ததெல்லாம் அப்புறம் சொல்றேன். நாளைக்கும் வேற தோட்டம்னு எழுதியிருந்த, அதான் மறுபடியும் சொல்றேன், டிரைவர். காலையில நல்லா சாப்பிட்டுப் போ, வெறும் வயித்துல வேணாம்.

ஆறு மணி நேரம் வித்தியாசம், அங்க நடுராத்திரின்னா இங்க எனக்கு விடிஞ்சிடும், எழுந்து தான் இருப்பேன். எந்நேரம்னாலும் கூப்பிடு, பேச்சு குழறுனாலும் பரவால்ல, நான் ஒன்னும் கேக்க மாட்டேன், கூப்பிடு.

அம்மா