பாரன் தீவு எரிமலைக்கு ஒரு நிலை அறிக்கை வேண்டும்

ஒன்றிய புவி அறிவியல் அமைச்சகத்துக்கும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கும் அந்தமான் நிக்கோபார் நிர்வாகத்துக்கும் திறந்த மடல்

மதிப்புக்குரியீர்,

வணக்கம். 2025 செப்டம்பர் 13, 20 தேதிகளில் அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு எரிமலை சிறிய அளவில் வெடித்தபோது, கடற்படை எடுத்த காணொளி எல்லோர் கைப்பேசிக்கும் வந்தது. மதுரையிலிருந்து சித்தி பதறிப்போய் அழைத்தார். "ஏம்மா, அங்க தீவு வெடிச்சிருச்சாமே, பிள்ளைங்க எல்லாம் நல்லா இருக்கா?" தீவு எங்கள் ஊரான ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (பழைய போர்ட் பிளேர்) 140 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கே ஆளே இல்லை என்று சொல்லித் தேற்றினேன். "இனி என்ன ஆகும்னு கவர்மென்ட்ல சொல்லியிருக்காங்களா?" என்று அடுத்துக் கேட்டார். எடுத்துப் படித்துக் காட்ட என் கையில் ஓர் அறிக்கை இல்லை.

பாரன் தீவு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கிக் கிடந்து 1991இல் விழித்த எரிமலை. அதன்பின் விட்டு விட்டுக் குமுறுகிறது. 2017 ஜனவரியில் அது கக்கியதைக் கண்டவர்கள், கடலடி மண் எடுக்கப் போயிருந்த கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள். பகலில் சாம்பல் புகை, இருட்டியதும் வாயிலிருந்து பீறிடும் செந்நிறக் குழம்பு. கப்பல் அந்தப் பக்கம் போனது நம் நல்ல நேரம். சாம்பல் மேலெழுந்தால் விமானங்களுக்கு எச்சரிக்கை தருவது ஆஸ்திரேலியாவின் டார்வின் மையம். அவர்கள் செய்வது அரிய பணிதான். ஆனால் அது விமானிகளுக்கானது. படகில் போகிறவருக்கு யார் சொல்வது?

என்னை உறங்கவிடாதது இந்தோனேசியாவின் அனாக் கிரக்கத்தாவ் எரிமலைத் தீவு. 2018 ஜூனிலிருந்தே அது வெடித்துக்கொண்டிருந்தது; எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. டிசம்பர் 22 இரவு அதன் ஒரு பக்கம் அப்படியே கடலுக்குள் சரிந்தது. கிளம்பிய சுனாமி சுந்தா நீரிணையின் இரு கரைகளிலும் 400க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கடற்கரை மேடையில் பாடிக்கொண்டிருந்தவர்களை அலை பின்னாலிருந்து அடித்தது. சைரன் ஒலிக்கவில்லை; நிலநடுக்கம் வந்தால்தான் சுனாமி என்று அமைக்கப்பட்ட ஏற்பாடு அது. கடல் ஏற்றம்தான் என்று அந்நாட்டு வானிலைத் துறையே முதலில் அறிவித்து, பிறகு திருத்திக்கொண்டது. எரிமலையை எந்நேரமும் கண்காணிக்கும் நாட்டிலேயே இந்த நிலை.

பாரன் நாளைக்கே சரியும் என்று பீதி கிளப்ப வரவில்லை. அண்மைக்கால வெடிப்புகள் மிதமானவை. ஆனால் கடலுக்கு மேல் தெரியும் சுமார் 350 மீட்டர் வெறும் நுனி. அடியில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் மலை நிற்கிறது. ஸ்வராஜ் தீவின் (பழைய ஹேவ்லாக்) கடற்கரைகள் ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் அதைப் பார்த்தபடி இருக்கின்றன. எரிமலையைக் காட்டக் கப்பல் பயணமும் நடக்கிறது.

ஆகவே கேட்கிறோம். எரிமலை வாயைச் சுற்றி நிற்கும் தீவின் வெளிச்சுவரில் சூரிய ஒளியில் இயங்கும் நில அதிர்வுமானிகளும், மலை உப்புவதைக் காட்டும் ஜிபிஎஸ் கருவிகளும் வையுங்கள். காதுக்கு எட்டாத வெடிப்பு ஒலியைப் பிடிக்கும் கருவியைக் அந்தமானில் காவல் சாவடி உள்ள நார்கொண்டம் தீவிலும் நிறுவலாம். நிலநடுக்கமே இல்லாமல் கடல்மட்டம் ஏறினாலும் ஐதராபாத் சுனாமி மையத்தில் மணி அடிக்க வேண்டும். இவற்றில் ஏதாவது ஏற்கெனவே இயங்கினால் அதன் தரவை எங்கள் கண்ணிலும் காட்டுங்கள்.

கருவி வைத்த கையோடு பராமரிப்புப் பணத்தையும் ஒதுக்குங்கள். நியூசிலாந்தின் வகாரி எரிமலைத் தீவில் 2019இல் 22 பேரைப் பலிகொண்ட வெடிப்புக்குப் பின், போய்ப் பழுது பார்க்க முடியாமல் கருவிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மழையும் கந்தகப் புகையும் பாரனிலும் அதைத்தான் செய்யும்.

கடைசியாக, செலவே இல்லாத ஒன்று. மீனவர்களுக்கு அன்றாடம் அலை உயரம் சொல்கிறீர்கள். அதோடு பாரனின் நிலையையும் ஒரு வரி சேர்த்து, இந்தி, வங்காளம், தமிழ், தெலுங்கு, நிக்கோபாரியில் சொல்லுங்கள். அமைதி, விழிப்பு, ஆபத்து, இத்தனை கிலோமீட்டருக்குள் போகாதே என்று இருந்தால் போதும். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அந்த வரி வரத் தொடங்கும் என்று எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ஸ்ரீ விஜயபுரத்தில் வாழும் ஒரு தமிழ்ப் பெண்