விருந்து நாளில் வராத சிலிண்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு எங்கள் வீட்டில் 23 பேர். ஆட்டுக்கறி 4 கிலோ, தலைக்கறி தனி. ஜவ்வரிசிப் பாயசமும் உண்டு. மரவள்ளிக் கிழங்கில் செய்த நம்மூர்ச் சரக்கு, 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. ஊறவைத்து வேகவிட்டால்தான் நடுவில் வெள்ளைப் புள்ளி நிற்காமல் கண்ணாடியாக வரும். எல்லாம் கணக்காகத்தான் திட்டமிட்டேன். பத்து நாள் முன்பே பதிவு செய்த சிலிண்டர் மட்டும் வரவில்லை. குழம்பு கொதிக்கையில் அடுப்பு அணைந்தது. அப்புறம் என் மாமியார்தான் கொல்லையில் மூன்று கல் வைத்து விறகு மூட்டினார். ருசி கூடிவிட்டதாம், சாப்பிட்டவர்கள் சொன்னார்கள், ஊதியவள் நான். பண்டிகை வாரத்திலாவது முகவர்கள் கூடுதல் வண்டி விடக் கூடாதா?

இல்லத்தரசி ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.